தமிழில் இணையதளம் வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, திரையை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கண் மருத்துவமனையின் இணையதளம் அது. டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அந்தத் தகவல் தளத்தில் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு போஸ்டர் படத்துக்குள், நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்தில், கீழ் மூலையில் பொடியாக இருந்தது. போதாக்குறைக்குப் பக்கத்தைப் பெரிதாக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். "கண்ணு, இதுல எந்தக் கிழமைன்னு போட்டிருக்கு? பாத்துச் சொல்லேன்" என்று போனை என்னிடம் நீட்டினார்.

கண் சரியில்லாதவர்கள் தேடி வருகிற தளம் அது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், என் தொடக்க காலத்தில் நானும் இப்படிப்பட்ட தளங்களைச் செய்து கொடுத்திருக்கிறேன்.

கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தளம் செய்துகொடுப்பது என் தொழில். இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது ஒன்று உண்டு. தமிழ்த் தளங்களில் காணும் பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: தளத்தை ஆங்கிலத்துக்காக வடிவமைத்துவிட்டு, கடைசி நாளில் தமிழை அதற்குள் ஊற்றுகிறோம். தமிழ் அந்தப் பாத்திரத்தில் நிற்பதில்லை, வழிந்துவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி தமிழை முதலில் வைத்துத் தொடங்குகிறது.

படி 1: வண்ணத்துக்கு முன் வார்த்தை

வடிவமைப்புச் செயலியைத் திறந்ததும் பலர் 'லோரம் இப்சம்' என்ற போலி லத்தீன் வரிகளை நிரப்பி அழகு பார்க்கிறார்கள். அந்த வரிகளுக்கு அளவெடுத்த பெட்டி தமிழுக்குப் போதாது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து 'லாகின்' இருந்த பட்டனில் 'உள்நுழைக' வந்து உட்கார வேண்டும். 'தொடர்புகொள்ள', 'பதிவிறக்குக' எல்லாம் இன்னும் நீளம். அகலத்தையும் உயரத்தையும் பிக்சல் கணக்கில் பூட்டிய பட்டனில் கடைசி எழுத்து வெட்டுப்படும், இல்லையென்றால் இரண்டாம் வரி பட்டனுக்கு வெளியே தொங்கும். பட்டனுக்கு அகலம் குறிக்காதீர்கள். நான்கு பக்கமும் உள்விளிம்பு, அதாவது சொல்லைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் மட்டும் கொடுங்கள், சொல்லுக்குத் தக்கபடி அதுவே விரிந்துகொள்ளும்.

ஆகவே முதலில் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். இந்தத் தளத்துக்கு வருகிறவர் எதைத் தேடி வருவார் என்று எழுதுங்கள். மருத்துவமனை என்றால் டாக்டர் வரும் நாள், நேரம், போன் எண், வழி. ஜவுளி மொத்த வியாபாரம் என்றால் என்ன சரக்கு, குறைந்தபட்சம் எத்தனை எடுக்க வேண்டும், எப்போது அனுப்புவார்கள். இவை முதல் திரையிலேயே தெரிய வேண்டும். நிறுவனரின் வாழ்த்துச் செய்தியும் 'எங்கள் வரலாறு' பகுதியும் அப்புறம் வரட்டும்.

உரிமையாளர்கள் ஆசையாகக் கேட்பது, ஐந்து படம் மாறிமாறி ஓடுகிற ஸ்லைடர். நான் மறுத்துவிடுவேன். ஒரு வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அது ஓடிப்போய்விடும். நிதானமாகப் படிக்கிறவர்களுக்கு அது பெரிய தொந்தரவு. நல்ல படம் ஒன்று, அதன் கீழே தேவையான தகவல். அது போதும்.

படி 2: அடித்தளம்

உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுக்கும் தரமான யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் டிடிபி சென்டரிலிருந்து வருகிற வேர்டு கோப்புகளில் இன்னும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் நிறைய. அந்தக் கோப்பிலிருந்து அப்படியே நகலெடுத்து ஒட்டினால் தளத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிறுக்கல்தான் வரும். அந்த எழுத்துருவையும் சேர்த்து ஏற்றினால் சரியாகத் தெரியுமே என்று சிலர் செய்துவிடுகிறார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஆனால் கூகுளுக்கும், திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கும் அது தமிழே இல்லை. மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடாக்கி, பிறகு ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

பக்கத்தின் குறிமுறை, அதாவது எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறை, யுடிஎஃப்-8 என்று தலைப்பகுதியில் முதலிலேயே அறிவியுங்கள். தரவுத்தளம் மைசீக்வல் என்றால் அட்டவணைகளை 'யுடிஎஃப்8எம்பி4' (utf8mb4) என்ற வகையில் அமையுங்கள். பழைய 'லத்தீன்1' அட்டவணையில் சேமித்த தமிழ் வெறும் கேள்விக்குறிகளாகிவிட்டால், பிறகு அதை மீட்கவே முடியாது.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது. பக்கத்தின் மொழி தமிழ் என்று ஹெச்டிஎம்எல் குறியில் 'லாங்' (lang) பண்பில் 'டிஏ' (ta) என்று குறிக்க வேண்டும். வார்ப்புரு (டெம்ப்ளேட்) ஆங்கிலத்தில் வந்ததால் பல தமிழ்த் தளங்கள் தங்களை ஆங்கிலம் என்றே அறிவித்துக்கொண்டு நிற்கின்றன. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அந்தக் குறியைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. இரண்டெழுத்து மாற்றம், பத்து விநாடி வேலை.

படி 3: எழுத்துரு

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

எழுத்துருப் பட்டியலில் அழகான ஓர் ஆங்கில எழுத்துருவை மட்டும் குறித்துவிட்டு, தமிழை உலாவியின் விருப்பத்துக்கு விட்டுவிடுவது முதல் தவறு. அப்போது விண்டோசில் லதாவோ நிர்மலாவோ வரும், ஆப்பிள் கருவியில் வேறொன்று வரும், ஆண்ட்ராய்டில் நோட்டோ வரும். ஒவ்வொன்றுக்கும் அகலம் வேறு, உயரம் வேறு. உங்கள் மடிக்கணினியில் ஒரே வரியில் நின்ற தலைப்பு வாடிக்கையாளர் போனில் மூன்று வரியாகும். கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. உரைக்கு நான் பெரும்பாலும் முக்தா மலரையோ நோட்டோவையோ எடுப்பேன். பலூ தம்பி, கவிவனார் போன்றவை தலைப்புக்கு நன்றாக இருக்கும், பத்திகளுக்கு வேண்டாம்.

எந்த எழுத்துருவை எடுத்தாலும் தேர்வு செய்யும் முன் இந்தச் சொற்களை அதில் தட்டிப் பாருங்கள்: ஞாயிறு, கண்ணூர், இணையம், நூற்றாண்டு, ஸ்ரீ, லட்சுமி, கௌரி. 'ண்ணூ' அடுத்த வரியின் தலையில் மோதுகிறதா, 'ஸ்ரீ' சேர்ந்து வருகிறதா, 'ஞா' சின்ன அளவில் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகிறதா என்று பார்க்கலாம். தடித்த வடிவத்தையும் பாருங்கள். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லையென்றால் உலாவி தானாகவே மையை இழைத்துப் பூசிவிடும். சுழிகள் நிறைந்த நம் எழுத்துகளில் அந்தப் பூச்சு உள்ளே இருக்கும் வெளியை மூடிவிடும். ண, ஞ, இ மூன்றும்தான் முதலில் அடிபடும்.

அளவு விஷயத்திலும் ஆங்கிலக் கணக்கு ஒத்துவராது. ஆங்கில உரைக்கு 16 பிக்சல் வழக்கம். தமிழ் எழுத்தில் நுணுக்கம் அதிகம் என்பதால் நான் 18க்குக் கீழே இறங்குவதில்லை. வரி உயரம் ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப்போல் 1.4, 1.5 மடங்கு போதும். நமக்கு மேலே 'கீ'யின் சுழி, 'க்' புள்ளி, கீழே 'மு', 'நூ' என்று இரண்டு பக்கமும் கால் நீட்டும் எழுத்துகள். 1.7 வையுங்கள், பத்தி மூச்சுவிடும். தலைப்புகளுக்கு வார்ப்புருக்கள் 1.1 என்று நெருக்கி வைத்திருக்கும். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'கீ'யோடு முட்டுவதை எத்தனை தளங்களில் பார்த்தாகிவிட்டது! குறைந்தது 1.35 வேண்டும்.

மூன்று பழக்கங்களை அடியோடு விடலாம். ஒன்று, தமிழைச் சாய்த்து எழுதுவது. சாய்வெழுத்து நம் மரபில் இல்லை. உலாவி நேர் எழுத்தைப் பிடித்து வளைப்பதுதான் அங்கே தெரிகிறது. அழுத்தம் வேண்டுமென்றால் தடிமனோ நிறமோ போதும். இரண்டு, எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டுவது. 'கொ'வில் கொம்பும் காலும் மெய்யைப் பற்றி நின்றால்தான் சொல் சொல்லாகத் தெரியும். மூன்று, மெல்லிய எழுத்து. வெளிர்ச் சாம்பலில் மெலிந்த தமிழைப் பளிச்சென்ற வெயிலில், பஸ் ஸ்டாண்டில் நின்று யாராலும் படிக்க முடியாது. இணைய அணுகல் வழிகாட்டுதல்படி உரைக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறம் அந்தக் கோட்டை ஒட்டித் தேறும், அதைவிட வெளிறிய #999999 தேறாது. தமிழுக்கு நான் #333333க்கு மேல் வெளுப்பதே இல்லை.

படி 4: வரியை உடைப்பது

'செயல்படுத்தப்பட்டிருக்கின்றன' என்று ஒரே சொல் அரை வரியைப் பிடித்துக்கொள்கிற மொழி நம்முடையது. அதை போனின் குறுகிய அகலத்தில் இரண்டு ஓரமும் சமமாக இழுத்தால் சொற்களுக்கிடையே பள்ளம் பள்ளமாக வெற்றிடம் விழும். செய்தித்தாள்போல் தெரிய வேண்டும் என்ற ஆசையில் இதைச் செய்கிறார்கள். செய்தித்தாளில் ஒரு மனிதர் உட்கார்ந்து சொல்லைப் பிரித்திருப்பார். உலாவி அதைச் செய்யும் என்று நம்ப முடியாது. இடது ஓரத்தை மட்டும் நேராக்குங்கள்.

சொல் பெட்டிக்கு வெளியே ஓடுகிறது என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் உடைக்கும் விதியைச் சிலர் போட்டுவிடுகிறார்கள். 'பட்டி' ஒரு வரியிலும் 'ருக்கின்றன' அடுத்த வரியிலும் என்றால் படிப்பவருக்குத் தடுக்கும். மிக நீளமான சொல்லை மட்டும் உடைக்கும் விதி ஒன்று உண்டு. 'ஓவர்ஃப்ளோ-ராப்' என்பார்கள். அதைப் பயன்படுத்துங்கள்.

படி 5: மெனுப் பட்டியலில் இருக்கும் சொற்கள்

மொழிபெயர்ப்புச் செருகி (பிளகின்) போட்டதும் 'ஹோம்' என்பது 'வீடு' ஆகிவிட்ட தளங்கள் இன்றும் இருக்கின்றன. 'முகப்பு' என்ற சொல் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. அதை எழுதுங்கள். பட்டியலில் வரும் சொற்கள் பத்தோ பதினைந்தோதான். கையால் எழுத அரை மணி நேரம் போதும். அதே சமயம் தூய தமிழுக்காகப் பயனரைத் தவிக்கவிடவும் வேண்டாம். 'வாட்ஸ்அப்பில் பேச' என்றால் எல்லோருக்கும் புரியும். 'கூடை' புரிகிறது. 'கட்டணத் துவாரம்' யாருக்கும் புரியாது, 'பணம் செலுத்த' என்று போட்டால் வேலை முடிந்தது.

மொழி மாற்றும் பட்டனில் நாட்டுக்கொடி வைக்காதீர்கள். தமிழ் இந்தியாவில் மட்டும் பேசும் மொழியில்லை. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அது ஆட்சிமொழி. 'தமிழ்' என்று தமிழில் எழுதிவைத்தால் தேவைப்பட்டவர் கண்டுகொள்வார். மாற்றிய பிறகு அதே பக்கத்திலேயே நிற்க வேண்டும், முகப்புக்குத் தூக்கியெறியக் கூடாது.

படி 6: போஸ்டருக்குள் தகவலைப் பூட்டாதீர்கள்

சித்தியின் கதை இதுதான். சேர்க்கை அறிவிப்பு, திருவிழா நிகழ்ச்சி நிரல், விடுமுறைப் பட்டியல் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமாகவே தளத்தில் ஏற்றிவிடுகிறோம். படத்துக்குள் இருக்கும் எழுத்தை எளிதில் நகலெடுக்க முடியாது, போன் எண்ணை நேரடியாகத் தொட்டு அழைக்க முடியாது, திரைவாசிப்பான் சரியாகப் படிக்குமென்று சொல்ல முடியாது, தேடுபொறியில் சரியாக வருமென்று நம்பவும் முடியாது. போனில் அகலம் சுருங்கும்போது எழுத்தும் கூடவே சுருங்கும்.

படத்தைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. போஸ்டர் ஊருக்கு அழகு, போடுங்கள். அதன் கீழே அதே தகவலை எழுத்தாகவும் எழுதுங்கள்: நாள், நேரம், இடம், எண். எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்படி இணைப்பு கொடுங்கள். படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையில் 'படம் 1' என்று போடாமல், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி சொல்லுங்கள். பெரிதாக்குவதைத் தடுக்கும் வரி வார்ப்புருவின் தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' குறிக்குள் ஒளிந்திருக்கும். அதை மட்டும் தேடி அழித்துவிடுங்கள்.

படி 7: படிவம், அதாவது நம் பெயர்

'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டாயக் கட்டங்கள். செ. முருகன் இதில் என்ன எழுதுவார்? அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதினால் சான்றிதழில் அப்பா பெயரால் அழைக்கப்படுவார். இனிஷியலை ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாக எழுதினால் 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று சிவப்பில் திட்டு வரும். 'முழுப் பெயர்' என்று ஒரே கட்டம் வையுங்கள். இனிஷியல் உண்மையிலேயே தேவைப்பட்டால் தனியாக, விருப்பக் கட்டமாக வையுங்கள்.

அடுத்தது, தமிழில் பெயர் எழுதினால் 'செல்லாத எழுத்து' என்று தள்ளிவிடும் படிவங்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நிரலாளர் 'எழுத்து மட்டும்' என்று விதி வைத்திருப்பார். ஆனால் யூனிகோடின் வகைப்பாட்டில் 'மு' என்பதில் மகரம்தான் எழுத்து, உகரக் குறி 'குறியீடு' (மார்க்) என்ற வேறு வகை. புள்ளியும் அப்படியே. எழுத்து, குறியீடு இரண்டு வகையையும் அனுமதித்தால்தான் முருகன் உள்ளே வர முடியும். விதி எழுதி முடித்ததும் உங்கள் அம்மா பெயரைத் தமிழில் போட்டுச் சோதியுங்கள்.

போன் எண், பின்கோடு கட்டங்களில் எண் விசைப்பலகை தானாகத் திறக்க வேண்டும். பிழை வந்தால் நிரப்பியதையெல்லாம் அழித்துவிடாமல், எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்று அந்தக் கட்டத்தின் கீழேயே தமிழில் சொல்லுங்கள்.

படி 8: எழுத்தை எண்ணும் விதம்

ஒரு பல் மருத்துவரின் தளத்தில் பார்த்தது இது. கட்டுரையின் தலைப்பு 'குழந்தைகளுக்கான பல் மருத்துவம்'. தலைப்பு வரும் சிறு பெட்டியில் இடமில்லை என்பதால் 18 எழுத்தோடு வெட்டி மூன்று புள்ளி வைக்கும்படி நிரல் எழுதியிருந்தார்கள். திரையில் வந்தது: 'குழந்தைகளுக்கான பல…'. பல் போய், 'பல' வந்துவிட்டது.

என்ன நடந்தது? 'குழந்தைகளுக்கான' என்பதில் நாம் எண்ணினால் ஒன்பது எழுத்து. கணினிக்கு அது பதினைந்து. 'கு' என்பதைக் ககரமாகவும் உகரக் குறியாகவும் இரண்டாக எண்ணும். இடைவெளியோடு 16, 'ப' 17, 'ல' 18. பத்தொன்பதாவதாக வந்த புள்ளி வெட்டுப்பட்டது. பைட் என்ற சேமிப்பு அலகின் கணக்கில் வெட்டும் நிரல்கள் இன்னும் மோசம். யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் என்பதால் நடுவில் வெட்டினால் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும். இதற்கென்றே எழுத்துத் தொகுதியாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'இன்ட்ல் செக்மென்டர்', பிஹெச்பியில் 'கிராஃபீம்' என்று தொடங்கும் சார்புகள். அதைவிட எளிது, எண்ணி வெட்டுவதையே விட்டுவிட்டுச் சொல் முடியும் இடத்தில் நிறுத்துவது.

தேடல் பெட்டியிலும் இதே சிக்கல். 'கொ' என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் 'என்எஃப்சி' என்ற இயல்பாக்கத்தைச் செய்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் ஔவையாரை 'ஒ'வும் 'ள'வும் சேர்த்துத் தட்டுகிறவர்கள் நிறையப் பேர். அதை இயல்பாக்கம் தீர்க்காது, நீங்களே தனியாகக் கையாள வேண்டும். கடைத் தளம் என்றால் சேலை, புடவை, சாரி மூன்றுக்கும் ஒரே விடை வரட்டும்.

அகரவரிசையில் அடுக்கும்போதும் கவனம் வேண்டும். யூனிகோட் எண் வரிசையில் ந-வை அடுத்து ன வரும், ர-வை அடுத்து ற வரும். நம் வரிசையில் றகரமும் னகரமும் கடைசி. தமிழ் அகரவரிசை தெரிந்த வரிசைப்படுத்தும் வசதியைப் பயன்படுத்தாவிட்டால், பட்டியலில் பெயரைத் தேடுகிற தமிழாசிரியர் ஒருவர் கட்டாயம் போன் செய்வார்.

படி 9: வேகம்

இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி விநாடிக்குள் பதில் வர வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். கேமராவில் எடுத்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றுவதுதான் நம் ஊர்த் தளங்களின் முதல் எதிரி. அளவைக் குறைத்து வெப்பி (WebP) என்ற படக் கோப்பு வடிவில் ஏற்றுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் குறியுங்கள், இல்லாவிட்டால் படம் வந்ததும் பக்கம் குதித்து, விரல் வேறெதையோ தொட்டுவிடும். தமிழ் எழுத்துருவில் சாதாரணம், தடித்தது என இரண்டு வடிவம் போதும், இருக்கும் எல்லா வடிவங்களையும் ஏற்ற வேண்டாம். எழுத்துரு வந்து சேரும்வரை போனில் இருக்கும் எழுத்துருவிலாவது உரை தெரியும்படி அமையுங்கள்.

தொடும் இடங்கள் பெரிதாக இருக்கட்டும். அகலமும் உயரமும் குறைந்தது 44 புள்ளி அளவு வேண்டும் என்று ஆப்பிள் சொல்கிறது, கூகுள் 48 என்கிறது. வயலிலும் பட்டறையிலும் வேலை செய்த விரல்களுக்கு 48தான் சரி.

படி 10: பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது

தளம் முடிந்ததும் உங்கள் பெரிய திரையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றை எடுத்து, வைஃபையை அணைத்து, அமைப்புகளில் எழுத்து அளவை ஒரு படி கூட்டி, ஐம்பது வயது தாண்டிய ஒருவரிடம் கொடுங்கள். மூன்று வேலை சொல்லுங்கள்: "டாக்டர் எந்தக் கிழமை வருவார்னு பாருங்க", "இவங்களுக்கு போன் போடுங்க", "உங்க பேரைப் பதிவு பண்ணுங்க". அப்புறம் வாயைத் திறக்காதீர்கள். இதுதான் கஷ்டம். விரல் எங்கே தயங்குகிறது, எதைப் பட்டன் என்று நினைத்துத் தட்டுகிறார்கள், எந்தச் சொல்லை இரண்டு முறை படிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று அவர்கள் சொன்னால், அந்த இடத்தை இரட்டைக் கோடிட்டுக் குறியுங்கள். பிழை அவர்களிடம் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

குறித்ததைத் திருத்திவிட்டு, அடுத்த வாரம் வேறொருவரிடம் கொடுங்கள். நான் மூன்று பேரிடமாவது கொடுக்காமல் எந்தத் தளத்தையும் இப்போது வெளியிடுவதில்லை. முதல் ஆள் எப்போதும் சித்திதான்.